பித்தப்பைக் கல்லும் பற்றுச்சீட்டும்

வலது விலாவின் கீழ் வலி என்று பேசாலையில் ஒரு அக்கா, கருவாடு விற்ற காசைக் கட்டி வெளியே எக்ஸ்ரே எடுத்திருந்தார். பற்றுச்சீட்டைப் பார்த்தேன், படத்தில் ஒன்றுமில்லையாம். வலி மட்டும் போகவில்லை.

சகோதரிகளே, பித்தப்பைக் கற்களில் பெரும்பாலானவை சாதாரண எக்ஸ்ரேயில் தெரியா. 1924இல் அமெரிக்க வைத்தியர்கள் கிரகாமும் கோலும் மருந்து ஏற்றிப் பித்தப்பையைப் படத்தில் காட்டினார்கள். பிறகு, இரவில் மாத்திரை விழுங்கி மறுநாள் படம் எடுக்கும் முறை வந்தது. அதுவும் பழசாகிவிட்டது, இன்று ஸ்கான்தான். ஆறு மணித்தியாலமாவது சாப்பிடாமல் போகவேண்டும். பித்தப்பை நிறைந்திருந்தால்தான் கல் தெளிவாகத் தெரியும்.

மன்னார் பொது வைத்தியசாலையில் வைத்தியரிடம் காட்டக் கட்டணமில்லை. முதலில் அங்கே போங்கள். வெளியே எடுக்கச் சொன்னால், எந்தப் படம், எதற்கு, எவ்வளவு என்று கேட்டுவிட்டே காசைக் கொடுங்கள். வலியோடு காய்ச்சலோ, கண்ணில் மஞ்சளோ கண்டால் அன்றைக்கே போய்விடுங்கள்.