டிரம்முக்குள் வரிப்பணம்

ஆம்பூரில் தோல் ஷாப் சூப்பர்வைசர் நான். தோல் பதனிடும் குரோம் டிரம்மைத் திறந்தால் நீலத் தோலோடு நீலத் தண்ணீரும் கொட்டும். தோல் உறிஞ்சாத குரோமியம் அதில்தான் கிடக்கும். இப்படிப்பட்ட தோல் ஆலைக் கழிவால் பாலாறு கெட்டதை 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1948-இல் தொடங்கிய, சென்னை அடையாற்று மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், டிரம்மில் தண்ணீரே ஊற்றாமல் குரோம் பதனிடும் முறையைக் கொண்டுவந்தது. பணம்? அரசுடையது, அதாவது நம் வரி.

ஐரோப்பாவிலும் இதே கதைதான், தொகைதான் மலைக்க வைக்கிறது: 2021 முதல் 2027 வரை 'ஹொரைசன் யூரோப்' ஆராய்ச்சித் திட்டத்துக்கு முதலில் ஒதுக்கியது ஏறத்தாழ 9,550 கோடி யூரோ. பெரும்பாலும் பல நாட்டு ஆய்வுக்கூடங்களும் கம்பெனிகளும் கூட்டாக விண்ணப்பிக்கின்றன. வெளி வல்லுநர்கள் மதிப்பெண் போடுகிறார்கள். நம்மூர்ச் சின்ன முதலாளிகளையும் ஆய்வுக்கூடத்தோடு அப்படிக் கூட்டுச் சேர்க்க அரசு பணம் ஒதுக்கட்டும்.