தரவுத்தளத்தின் திறவுகோல்

நோயாளர் குறிப்புகள், வங்கிக் கணக்குகள், மதிப்பெண் பட்டியல்கள் முதலியன இன்று தரவுத்தளங்களில் சேமிக்கப்படுகின்றன. அவற்றைக் காண்பதற்குக் கடவுச்சொல் வேண்டும். ஆயினும், தரவுகள் பதிந்துள்ள வன்தட்டையே ஒருவர் கழற்றிச் சென்றுவிட்டால் கடவுச்சொல்லால் பயன் என்ன? வேறொரு கணினியில் அதனை இணைத்து அவர் எளிதாகப் படித்துவிடுவார். இதனைத் தடுக்கவே, தட்டில் எழுதப்படும்போதே தரவுகள் பிறர் படிக்க இயலாத வடிவிற்கு மாற்றப்படுகின்றன. இம்முறை மறையாக்கம் எனப்படும்.

மறையாக்கத்திற்குரிய கணித முறையில் ஒளிவுமறைவு ஏதுமில்லை. பெல்ஜிய நாட்டவரான யோன் டாமன், வின்சென்ட் ரைமன் ஆகியோர் வடிவமைத்த முறை, 2001ஆம் ஆண்டு ‘ஏ.இ.எஸ்.’ என்னும் பெயரில் அமெரிக்க அரசின் தரமாக ஏற்கப்பட்டது. அதன் படிநிலைகள் அனைத்தையும் எவரும் படித்தறியலாம். மறைவாகக் காக்க வேண்டியது 128, 192 அல்லது 256 பிட்டு நீளமுள்ள திறவுகோலை மட்டுமே.

அத்திறவுகோலை எங்கே வைப்பது? தரவுகளுடனேயே வைத்தால் பூட்டிலேயே சாவியைத் தொங்கவிட்டது போலாகும். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் எஸ்.க்யூ.எல். சர்வர், தன் 2008ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து இதற்கொரு வழி தருகிறது. முதலில் தலைமைத் திறவுகோல் ஒன்றும், அதனால் காக்கப்படும் சான்றிதழ் ஒன்றும் உருவாக்கப்படும். தரவுகளை மறைக்கும் திறவுகோலைச் சான்றிதழ் காக்கும். சான்றிதழ் அத்தரவுத்தளத்திற்குள் இராது. சர்வரின் ‘மாஸ்டர்’ என்னும் தனித் தரவுத்தளத்தில் இருக்கும். எனவே, தரவுத்தளத்தின் காப்புப்படியை மட்டும் திருடியவரால் ஒன்றையும் படிக்க இயலாது.

உரிமையாளருக்கும் இதே நிலைதான். சர்வர் பழுதாகி, சான்றிதழின் படியும் இல்லாது போயின், எத்தனை காப்புப்படிகள் இருப்பினும் அவற்றைத் திறக்க வழியில்லை. திருடனுக்கு இட்ட பூட்டு வீட்டுக்காரரையே வெளியில் நிறுத்திவிடும். ஆகவே, மறையாக்கத்தை அமைக்கும் அன்றே சான்றிதழையும் அதன் தனித்திறவுகோலையும் படியெடுத்து, காப்புப்படிகள் உள்ள இடத்தில் அல்லாமல் வேறிடத்தில் பாதுகாத்தல் வேண்டும். அப்படியைக் கொண்டு மற்றொரு சர்வரில் தரவுத்தளத்தை மீட்டுப் பார்ப்பதும் இன்றியமையாதது.

இம்முறைக்கும் எல்லை உண்டு. தட்டிலிருந்து நினைவகத்திற்கு வரும்போது தரவுகள் பழைய வடிவைப் பெறுகின்றன. ஆதலால், உரிய அனுமதியுடன் நுழைந்தவருக்கும், அவருடைய கடவுச்சொல்லைத் திருடி நுழைந்தவருக்கும் அவை ஒன்றுபோலவே தெரியும். கடனட்டை எண் போன்றவற்றைப் பயன்பாட்டு மென்பொருளே மறையாக்கம் செய்து அனுப்பினால், தரவுத்தள மேலாளர்கூட அவற்றைப் படிக்க இயலாது. ஆனால், அவ்வாறு மறைத்த பெயர்களை அகரவரிசைப்படுத்தித் தருமாறு தரவுத்தளத்தைக் கேட்கவும் இயலாது.