முதலில் பதில் சொல்பவரை நம்பும் கைப்பேசி

2024 செப்டம்பர் 30 நெருங்க நெருங்க வாசகர் கடிதங்களும் கூடின. “அன்றைக்கு வீட்டு வைஃபை நின்றுவிடுமா?” நிற்காது என்று பதில் சொன்னேன். தளப் பெயருக்கு உரிய எண் முகவரியைச் சொல்லும் வெளி டிஎன்எஸ்களுக்குப் போகும் கேள்விகளை அந்தத் தேதிக்குள் தங்கள் பக்கம் திருப்பிவிடுமாறு மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் இணையச் சேவை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டிருந்தது. எதிர்ப்பு கிளம்பவே, அதைத் தொடர வேண்டாமென்று தொடர்புத் துறை அமைச்சர் ஃபாமி ஃபட்சில் செப்டம்பர் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்.

அந்த டிஎன்எஸ் முகவரி நம் கைப்பேசிக்குள் எப்படி வந்தது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. என்னை உறுத்துவது அதுதான்.

ஆயர் குரோவில் அக்கா வீட்டில் ஒரு மாலை, பாதிப் பேருக்கு இணையம் இருந்தது, பாதிப் பேருக்கு இல்லை. மாமாவின் கைப்பேசி முகவரி 192.168.1 என்று தொடங்கியது. அக்கா மகளுடையது 192.168.0. மாடிக்கு வைஃபை எட்டவில்லையென்று அலமாரியில் கிடந்த பழைய ரௌட்டரை யாரோ இணைத்திருந்தார்கள். அதுவும் தன் பங்குக்கு முகவரி கொடுக்கத் தொடங்கிவிட்டது.

புதிதாக நுழையும் கருவிக்கு முகவரியும் இல்லை, யாரைக் கேட்பதென்றும் தெரியாது. ஆகவே 0.0.0.0 என்று தன்னைச் சொல்லிக்கொண்டு 255.255.255.255க்கு, அதாவது எல்லாருக்கும் கேட்கும்படி கூவுகிறது. ஒருவர் முகவரி தருகிறேன் என்கிறார். கருவி அதையே கேட்கிறது. சரி என்று பதில் வருகிறது. இரண்டு பேர் முன்வந்தால் பெரும்பாலும் முந்தியவர்தான். நீ யார் என்ற கேள்வியே கிடையாது. வெளியே போகும் வாசல் எது, டிஎன்எஸ் எது என்பதும் அதே பதிலில் வந்துவிடும். 1993இல் வந்த இந்த டிஎச்சிபி நெறிமுறையில் ஆளைச் சரிபார்க்கும் ஏற்பாடு 2001இல்தான் சேர்ந்தது. வீடுகளில் அது புழங்கவே இல்லை.

ஆணையம் தன் உத்தரவுக்கு வைத்த பெயர் பாதுகாப்பு. தீய தளங்களைத் தடுப்பது நோக்கமாம். ஆனால் உத்தரவு நடப்புக்கு வந்திருந்தால், 8.8.8.8 போன்ற வெளி டிஎன்எஸை நாமே கையால் போட்டுவைத்தாலும் கேள்வி வேறிடத்துக்குத்தான் போயிருக்கும். தானாக வருவதை மறுக்க நமக்கு இருக்கும் எளிய வழியும் அடைபட்டிருக்கும். அதைப் பாதுகாப்பு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

மற்ற கேள்விகள்:

முகவரி ஏன் மாறுகிறது? தவணைக்குத்தான் தருகிறார்கள், பாதித் தவணையிலேயே கருவி புதுப்பிக்கக் கேட்கும்.

169.254 என்று தொடங்கும் முகவரி வந்தால்? கருவியின் கூவலுக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்று பொருள்.

வட்டு இல்லாத கணினி எப்படிக் கிளம்புகிறது? எந்தக் கோப்பை எங்கிருந்து எடுத்துக் கிளம்புவது என்பதும், டிஎச்சிபிக்கு முன்னோடியான 1985இன் பூட்பி காலம் தொட்டு, முகவரியோடு சேர்ந்தே வருகிறது. அதையும் அப்படியே நம்புகிறது.

அக்கா வீட்டில்? பழைய ரௌட்டரில் டிஎச்சிபியை அணைத்து, கைப்பேசிகளில் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டோம். மாடியிலும் இணையம் வந்தது.