இரத்தம் முன்கூட்டியே சொல்லும் செய்தி

சென்ற ஆண்டு காந்திபுரத்திலுள்ள ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்திற்கு என் தந்தையாரை அழைத்துச் சென்றிருந்தேன். நீரிழிவு நோயால் பெரியப்பாவின் கால்விரல் ஒன்றை எடுக்க நேர்ந்தது. அந்த அச்சமே காரணம். வெறும் வயிற்றில் சர்க்கரை 114 மில்லிகிராம் என்று சீட்டு வந்தது. "126 ஆனாத்தானே சக்கரை வியாதி? எனக்கு ஒண்ணுமில்லை கண்ணு" என்று சிரித்தார் தந்தையார். வேதியியல் மாணவனாகிய எனக்கு மனம் ஒப்பவில்லை. 126 என்ற எண்ணில்தான் நோய் திடீரெனப் பிறக்கிறதா?

இல்லை. இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தசைகளுக்குள் செலுத்த உதவுவது இன்சுலின். தசைகள் அதற்கு இணங்க மறுக்கும்போது, கணையம் மேலும் மேலும் சுரந்து ஈடுகட்டுகிறது. எனவே பல ஆண்டுகள் சர்க்கரை அளவு இயல்பாகவே தோன்றும். கணையம் களைத்த பின்னரே அது ஏறுகிறது. ஆனால் அதற்கு முன்பே இரத்தத்திலுள்ள வேறு சில பொருள்கள் மாறத் தொடங்கிவிடுகின்றன.

அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகர மக்களிடம் நடந்த ஆய்வொன்று 2011-இல் வெளிவந்தது. சர்க்கரை இயல்பாக இருந்த நாளில் எடுத்துச் சேமித்த இரத்தத்தை ஆராய்ந்தனர். அடுத்த 12 ஆண்டுகளில் நீரிழிவு கண்டவர்களின் இரத்தத்தில் லியூசின், ஐசோலியூசின், வாலின், டைரோசின், ஃபினைல்அலனின் ஆகிய ஐந்து அமினோ அமிலங்கள் அப்போதே மிகுந்திருந்தன. இலண்டன் வாழ் தெற்காசியரிடம் டைரோசின் இன்னும் வலுவான அடையாளமாக இருப்பதை 2015-இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. இவை புரதத்தின் கூறுகள் என்பதால் பருப்பையும் பாலையும் கண்டு அஞ்ச வேண்டா. புகை நெருப்பைக் காட்டும். அதனால் புகைதான் நெருப்பை மூட்டியது என்று சொல்லிவிட முடியுமா?

இந்த அமினோ அமிலச் சோதனைகள் நம் தெருமுனை நிலையங்களில் வழக்கமாகச் செய்யப்படுவன அல்ல. ஆயினும் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ1சி சோதனை எளிதில் கிடைக்கிறது. அது 5.7 முதல் 6.4 வரை இருந்தால் எச்சரிக்கை. வெறும் வயிற்றில் 110 முதல் 125 வரை இருந்தாலும் அவ்வாறே.

எச்சரிக்கையால் பயனுண்டா? சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் இத்தகைய எல்லைநிலையில் இருந்த 531 பேரை மூன்றாண்டுகள் ஆராய்ந்து 2006-இல் முடிவை வெளியிட்டனர். பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேர் நோயாளிகளாயினர். உணவை ஒழுங்குபடுத்தி, நாளும் அரைமணி நேரம் விரைந்து நடக்குமாறு தொடர்ந்து ஊக்குவிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 39 பேரே நோயுற்றனர். நூற்றில் 16 குடும்பங்கள் தப்பின!

இதை எடுத்துச் சொன்ன பிறகு தந்தையார் மாலைதோறும் வ.உ.சி. பூங்கா வரை நடக்கிறார். காப்பியில் சர்க்கரையை மட்டும் இன்னும் முழுதாக விடவில்லை. நண்பர்களே, இன்று வீட்டிற்குச் சென்றதும் உங்கள் பெற்றோரின் பரிசோதனைச் சீட்டை ஒருமுறை கேட்டு வாங்கிப் பாருங்கள்.