உப்புக் காற்றில் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு

கிராஃபிக்ஸ் கார்டுகளைச் சோதித்து மதிப்பிடுபவர்கள் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி வெப்பமுள்ள அறையில், புத்தம் புதிய மதர்போர்டில் பொருத்தித்தான் சோதிக்கிறார்கள். புதுச்சேரியின் உப்பளம் பகுதியில் அப்படி ஓர் அறை அமைவது அரிது. கிழக்கே வம்பாகீரப்பாளையம், அதை ஒட்டி வங்கக் கடல். ஜன்னலைத் திறந்தால் உப்புக் காற்று, மூடினால் புழுக்கம். கத்திரி வெயில் நாட்களில் மாடி அறைக்குள் 35 டிகிரி என்பது சாதாரணம். வீட்டில் சேர்த்துவைத்த பணத்தில் ஒரு மாணவர் கார்டு வாங்கி இந்த அறைக்குள் கொண்டுவருகிறார் என்றால், அவர் முதலில் கவனிக்க வேண்டியவற்றில் பல யூடியூப் விமர்சனங்களில் வருவதே இல்லை.

உதாரணத்துக்கு என்விடியாவின் ஜீஃபோர்ஸ் ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டை எடுத்துக்கொள்வோம். 2023 ஜூன் மாதக் கடைசியில் 299 டாலருக்கு வந்தது. அப்போது நம் ஊரில் விலை ஏறக்குறைய 30,000 ரூபாய். கேம் ஆடுபவர்களில் பெரும்பாலோர் வாங்குவது இந்த விலை வரிசைக் கார்டுகளைத்தான். 2025 மே மாதம் இதன் வாரிசாக 5060 வந்துவிட்டது. ஆனாலும் கீழே சொல்பவை இந்த வரிசைக் கார்டுகள் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

ஒரு புள்ளிக்கு ஒரு லட்சம் கணக்கு

கார்டைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் கண்ணில் படுவது இரண்டு ஃபேன்களும் அலுமினியத் தகடுகளும்தான். வேலை செய்யும் சில்லு அவற்றுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. அதன் பரப்பு 159 சதுர மில்லிமீட்டர், கிட்டத்தட்டக் கட்டைவிரல் நகமளவு. அந்த இடத்துக்குள் 1,890 கோடி டிரான்சிஸ்டர்கள், 3,072 கணக்கிடும் அலகுகள்.

இத்தனை அலகுகள் எதற்கு? முழு எச்.டி. திரையில் அகலவாட்டில் 1,920, உயரவாட்டில் 1,080 என மொத்தம் 20.7 லட்சம் புள்ளிகள். கேம் சீராக ஓட வேண்டுமானால் நொடிக்கு 60 முறை அத்தனை புள்ளிகளுக்கும் புதிதாக நிறம் கண்டுபிடிக்க வேண்டும். அதாவது நொடிக்கு சுமார் 12.4 கோடி நிறங்கள். ஒரு புள்ளியின் நிறத்தைக் கணக்கிட அடுத்த புள்ளியின் விடைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்பதால், ஆயிரக்கணக்கான அலகுகள் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். 1999-இல் ஜீஃபோர்ஸ் 256 கார்டு வந்த காலத்திலிருந்து இந்தத் துறை வளர்ந்ததற்கு அடிப்படை இதுதான்.

4060-இன் ஒவ்வோர் அலகும் நொடிக்கு சுமார் 246 கோடி முறை துடிக்கிறது. ஒரு துடிப்பில் ஒரு பெருக்கல், ஒரு கூட்டல். மொத்தத்தையும் பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 15 லட்சம் கோடி கணக்குகள். அதைப் புள்ளிகளுக்குப் பங்கிட்டால், திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒவ்வொரு முறையும் சுமார் 1.2 லட்சம் கணக்குகள் செலவழிக்க முடியும். தண்ணீரில் வெயில் மின்னுவதும், சுவரில் மரத்தின் நிழல் விழுவதும் இந்தச் செலவில்தான் நடக்கின்றன.

இதோடு, செயற்கை நுண்ணறிவும் இந்தக் கார்டுகளுக்குள் வந்துவிட்டது. டி.எல்.எஸ்.எஸ். என்னும் நுட்பத்தில் கார்டு படத்தை 1,280-க்கு 720 என்ற சிறிய அளவில் வரைந்துவிட்டு, முழு எச்.டி. அளவுக்குப் பெரிதாக்குகிறது. கடைசியில் திரையில் தெரியும் புள்ளிகளில் பாதிக்கும் மேற்பட்டவை பயிற்சி பெற்ற ஒரு வலைப்பின்னல் ஊகித்தவை. படம் நன்றாகவே இருக்கிறது. ஃபிரேம் ஜெனரேஷன் இன்னும் ஒரு படி மேலே போய், வரைந்த இரண்டு படங்களுக்கு இடையில் ஊகித்த படம் ஒன்றைச் செருகுகிறது. கண்ணுக்கு ஓட்டம் சீராகத் தெரியும். ஆனால் பொத்தானை அழுத்தியதற்கும் திரையில் அசைவு வருவதற்கும் இடையிலான நேரம் இதனால் குறையாது. விளம்பர வரைபடங்களில் கார்டின் வேகம் இரண்டு மடங்காகத் தெரிந்தால், இந்த வசதியைச் சேர்த்துக் கணக்கிட்டிருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

எட்டு ஜி.பி. போதுமா?

முந்தைய தலைமுறையின் ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டு 12 ஜி.பி. நினைவகத்துடன் வந்தது. 4060-இல் அது 8 ஜி.பி. ஆகக் குறைந்தது. வந்த நாளிலேயே இந்தக் குறையைப் பலரும் சுட்டிக்காட்டினார்கள், நியாயமாகவே. கேமில் வரும் ஒரு சுவரின் மேற்பரப்புப் படம், பக்கத்துக்கு 4,096 புள்ளிகள் கொண்டது என்றால், சுருக்கிய பிறகும் சுமார் 16 எம்.பி. பிடிக்கும். ஒரு காட்சியில் இப்படிப்பட்ட படங்கள் நூற்றுக்கணக்கில் வரும்.

நினைவகம் நிரம்பினால் என்ன ஆகும் என்பதில்தான் பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. கார்டின் சொந்த நினைவகத்திலிருந்து நொடிக்கு 272 ஜி.பி. எடுக்க முடியும். அங்கே இடம் போதாமல் கணினியின் ராமிலிருந்து எடுக்க நேர்ந்தால், மதர்போர்டின் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் இணைப்பு வழியாக நொடிக்கு சுமார் 16 ஜி.பி.தான் வரும். இந்தக் கார்டு அந்த இணைப்பின் 16 தடங்களுக்குப் பதில் 8 தடங்களை மட்டுமே பயன்படுத்துவது இதற்குக் காரணம். மூன்றாம் தலைமுறை பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் கொண்ட பழைய மதர்போர்டாக இருந்தால் இந்த 16-உம் பாதியாகி 8 ஆகிவிடும். அப்போது ஓட்டம் திடீர் திடீரென்று தடுக்கும். கார்டில் கோளாறு என்று நினைத்துக் கடைக்கு ஓட வேண்டாம். மேற்பரப்புப் படங்களின் தரத்தை ஒரு படி குறைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். பழைய மதர்போர்டை மாற்ற முடியாதவர்கள், விலை சற்றுக் கூடினாலும் அதிக நினைவகமுள்ள கார்டைத் தேடுவது நல்லது.

மே மாத அறை

கேம் ஓடும்போது 4060 இழுக்கும் மின்சாரம் அதிகபட்சம் 115 வாட். 3060 இழுத்தது 170 வாட். தினமும் 4 மணி நேரம் ஆடினால் மாதத்துக்கு 4060-க்கு 13.8 யூனிட், 3060-க்கு 20.4 யூனிட். மின் கட்டணத்தில் இந்த வித்தியாசம் மாதாமாதம் தெரியும். நம் வீடுகளுக்கு இந்தக் கார்டின் மிகப் பெரிய நன்மை இந்தக் குறைந்த பசிதான் என்பது என் கருத்து. சுமாரான எஸ்.எம்.பி.எஸ். (மின்வழங்கி) வைத்திருப்பவர்களுக்கும் இது நிம்மதி.

இழுத்த மின்சாரம் அத்தனையும் வெப்பமாக அறைக்குள்தான் வெளியேறுகிறது. ஃபேனின் வேகமும் வேலையும் மாறாதவரை, சில்லின் வெப்பம் அறை வெப்பத்தைவிட ஏறக்குறைய ஒரே அளவு கூடுதலாக இருக்கும். 22 டிகிரி அறையில் 65 டிகிரி காட்டிய கார்டு 35 டிகிரி அறையில் 78-ஐ நெருங்கும். 4060-க்கு என்விடியா வைத்திருக்கும் உச்ச வரம்பு 90 டிகிரி. எனவே கார்டுக்கு ஆபத்து இல்லை. ஆனால் ஃபேன் சத்தம் கூடும், கார்டின் வேகமும் சற்றுக் குறையும்.

இதற்குச் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. சில்லின் மின்செலவு, அதற்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். மின்னழுத்தத்தை 10 சதவீதம் குறைத்தால், துடிப்பு வேகம் மாறாமலேயே இந்தச் செலவு 19 சதவீதம் குறையும். எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் போன்ற இலவச மென்பொருளில் இதைச் செய்யலாம். ஒவ்வொரு சில்லும் தாங்கும் அளவு வேறு என்பதால், சிறிது சிறிதாகக் குறைத்து, கேமை ஓட்டிப் பார்த்துப் பார்த்துத்தான் இறங்க வேண்டும்.

உப்பு எப்போது கடிக்கும்?

கரையில் அலை உடையும்போது லட்சக்கணக்கான குமிழிகள் வெடித்து, நுண்ணிய நீர்த்துளிகளை மேலே வீசுகின்றன. நீர் ஆவியாக, உப்புத்துகள் காற்றோடு ஊருக்குள் வருகிறது. கரையிலிருந்து முதல் சில நூறு மீட்டருக்குள்தான் அதன் அளவு மிக அதிகம். கணினியின் ஃபேன் அந்தக் காற்றை மணிக்கணக்கில் உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறது.

காய்ந்த உப்பு பலகையில் படிந்து கிடப்பதால் மட்டும் உடனே கெடுதல் இல்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். ஐப்பசி மழையில் சமையலறை உப்பு ஜாடிக்கு நேர்வதேதான் இது. கடல் உப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு இன்னும் மோசம். சுமார் 33 சதவீத ஈரத்திலேயே கசியத் தொடங்கும். இந்தக் கரைசல் மின்சாரத்தைக் கடத்தும். செம்பில் பச்சை படரும், அலுமினியத் தகட்டில் வெள்ளைப் பொடி பூக்கும். நெருங்கி நிற்கும் இரண்டு இணைப்புகளுக்கு நடுவே உலோகம் இழையாக வளர்ந்து குறுக்குச்சுற்றை உண்டாக்கும்.

இங்கே இயற்பியல் நமக்கு ஒரு நல்ல செய்தியும் சொல்கிறது. 30 டிகிரியில் 80 சதவீத ஈரமுள்ள காற்றை 50 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் ஒப்பு ஈரப்பதம் சுமார் 28 சதவீதமாக இறங்கிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் கார்டைச் சுற்றி நடப்பது இதுதான். அங்கே உப்பு காய்ந்தே கிடக்கும். கார்டு அணைந்து ஆறிய பிறகுதான் அதற்கு ஈரம் கிடைக்கிறது. ஆகவே கடற்கரை வீட்டில் தினமும் ஓடும் கார்டைவிட, தேர்வு நேரத்தில் மாதக்கணக்கில் மூலையில் மூடிக்கிடக்கும் கார்டுக்கே ஆபத்து அதிகம். ஆடாவிட்டாலும் அவ்வப்போது கணினியைப் போட்டு வையுங்கள். நெடுநாள் வெளியூர் போவதென்றால் கார்டைக் கழற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத உறையில் வைப்பது சிறந்தது.

ஏ.சி. அறைகளில் வேறொரு சிக்கல். மேலே சொன்ன அதே காற்றின் ஈரம், 26 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பிலும் துளியாகப் படியும். 24 டிகிரியில் குளிர்ந்த கேபினெட்டுக்கு அருகில், ஏ.சி.யை நிறுத்தியதும் ஜன்னலைத் திறந்தால், கடற்காற்று நேராக அதன்மேல் வியர்க்கும். சற்று நேரம் பொறுத்துத் திறக்கலாம். கணினியை அணைத்த பிறகும் மதர்போர்டில் சிறிதளவு மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால், சுவரில் உள்ள சுவிட்சையும் அணைப்பது நல்ல பழக்கம். கார்டின் தங்கமுலாம் பூசிய இணைப்பு விளிம்பை ரப்பரால் தேய்த்துச் சுத்தம் செய்யும் வழக்கம் நம் பழுதுபார்க்கும் கடைகளில் உண்டு. முலாம் மிக மெல்லியது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய துணி போதும். துருவும் ஈரமும் பொதுவாக வாரண்டிக்குள் வராது என்பதையும் மறக்க வேண்டாம்.

கேமுக்கு அப்பால்

‘கேம் ஆட இவ்வளவு பணமா?’ என்று பெற்றோர் கேட்பது இயல்பு. 2012-இல் படங்களை அடையாளம் காணும் போட்டியில் வென்று, இன்றைய செயற்கை நுண்ணறிவு அலைக்கு வழிதிறந்த அலெக்ஸ்நெட் என்னும் வலைப்பின்னல், இரண்டு ஜீஃபோர்ஸ் ஜி.டி.எக்ஸ். 580 கேமிங் கார்டுகளில்தான் பயிற்சி பெற்றது. அவற்றில் இருந்த நினைவகம் தலா 3 ஜி.பி. மட்டுமே. இன்று 4060 வைத்திருக்கும் மாணவர் 700 கோடி அளவுருக்கள் கொண்ட மொழி மாதிரியைச் சுருக்கி வீட்டிலேயே ஓட்டலாம், பிளெண்டரில் முப்பரிமாணக் காட்சி உருவாக்கலாம். உப்பளத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் 8,000-க்கும் மேற்பட்ட ஓலைச்சுவடிக் கட்டுகள் உள்ளன. பழைய எழுத்துகளைப் படிக்கக் கணினிக்குக் கற்றுத்தரும் ஆராய்ச்சியைத் தொடங்கிப் பார்க்க இந்த அளவு கார்டு போதும்.

கேம் உருவாக்குவதும் ஒரு கலைதான். கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தைச் சமையல் வழியாகச் சொன்ன ‘வெண்பா’ என்னும் கேம் 2023-இல் வெளிவந்து, மறு ஆண்டு பாஃப்டா விருது பெற்றது. அது ஓடுவதற்குப் பெரிய கார்டு எதுவும் தேவைப்படவில்லை.

இந்தக் கார்டுகளை நம் அறைகளில் வைத்தும் யாராவது அளக்க வேண்டும். புதுச்சேரியின் பொறியியல் மாணவர்கள் இதை எளிதாகச் செய்யலாம். ஈரப்பதமானி சில நூறு ரூபாய்தான். சில்லின் வெப்பத்தைக் காட்டும் மென்பொருள் இலவசம். கடலோரத் தெரு ஒன்று, ஊருக்குள் தள்ளி ஒன்று என இரண்டு இடங்களில், மே மாதத்திலும் நவம்பரிலும் அறை வெப்பம், ஈரப்பதம், சில்லின் வெப்பம், கேமின் வேகம் ஆகிய நான்கையும் குறித்து வெளியிட்டால் போதும். அடுத்த கார்டு வாங்கப்போகும் உப்பளத்துப் பிள்ளைக்கு, தொலைதூரச் சோதனைக்கூடங்களின் வரைபடங்களைவிட அந்த ஒரு பக்க அட்டவணை அதிகம் உதவும்.