நாற்காலி யாருடையது?

புக்கிட் பாஞ்சாங்கில் ஒரே சந்தையில் கீரை வாங்கி, ஒரே இலகு ரயிலில் வீடு திரும்பும் இரண்டு குடும்பங்களுக்குத் தேர்தல் நாளன்று கிடைக்கும் வாக்குச்சீட்டு ஒன்றல்ல. ஒரு வீட்டார் தனித்தொகுதி வாக்காளர்கள். ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். செங்ஹுவா பக்கம் இருக்கும் இன்னொரு வீட்டார் ஹாலந்து - புக்கிட் தீமா குழுத்தொகுதிக்காரர்கள். நான்கு பேர் கொண்ட அணிக்கு மொத்தமாக ஒரே குறி.

தனித்தொகுதியில் ஆளைப் பார்த்து வாக்களிக்க இடமுண்டு. 2020இல் மக்கள் செயல் கட்சியின் லியாங் எங் ஹுவா 53.73 விழுக்காடு பெற்று, சிங்கப்பூர் ஜனநாயகக் கட்சியின் டாக்டர் பால் தம்பையாவை வென்றார். 2025இல் அதே இருவர் மீண்டும் மோதினர். லியாங்கின் பங்கு 61.41 விழுக்காடாக உயர்ந்தது. இருவரையும் மக்கள் நேரில் பார்த்திருக்கிறார்கள், கைகுலுக்கியிருக்கிறார்கள். ஆனால் ஜெயித்தவருக்குக் கிடைக்கும் நாற்காலி யாருடையது? அவருடையதா, கட்சியுடையதா, வாக்களித்தவருடையதா?

1774இல் எட்மண்ட் பர்க் பிரிஸ்டல் வாக்காளர்களிடம் பேசியபோது, உறுப்பினர் தன் சொந்த அறிவுக்கும் மனசாட்சிக்கும் கடமைப்பட்டவர் என்று வாதிட்டார். அரசியல் அறிவியல் மாணவர்கள் இன்றும் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். சிங்கப்பூரின் விடை வேறு. எந்தக் கட்சியின் பெயரில் நின்றாரோ அதைவிட்டு விலகினாலும் விலக்கப்பட்டாலும் உறுப்பினர் பதவி பறிபோகும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 46ஆம் பிரிவு.

இந்தப் பிரிவுக்குப் பின்னால் ஓர் இரவு இருக்கிறது. 1961 ஜூலை 20ஆம் தேதி தொடங்கிய நம்பிக்கைத் தீர்மான விவாதம் விடியும்வரை நீண்டது. மொத்தம் 51 இடங்கள். ஆளுங்கட்சியினர் 13 பேர் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டார்கள். மருத்துவமனையில் இருந்த சிக்லாப் உறுப்பினர் சஹோரா அகமட்டை ஆம்புலன்சில் மன்றத்துக்கு அழைத்து வந்தார்கள். தீர்மானத்துக்குக் கிடைத்தவை 27 வாக்குகள், அரசு தப்பியது. ஒதுங்கிய 13 பேரும் பாரிசான் சோஷலிஸ் கட்சியைத் தொடங்கினர். 1963 தேர்தலில் புக்கிட் பாஞ்சாங் அந்தக் கட்சிக்கே வாக்களித்தது. ஓர் அரசு ஒரு நோயாளியின் வாக்கை எதிர்பார்த்து நின்ற அந்த அச்சம் நியாயமானது. கட்சி மாறுபவரைத் தடுக்க நினைத்ததையும் நான் குறை சொல்லமாட்டேன்.

குறை அடுத்த கட்டத்தில் இருக்கிறது. பதவி பறிபோன பின் தொகுதிக்கு யார் பேசுவார்? 2012 பிப்ரவரியில் பாட்டாளிக் கட்சி தன் ஹவ்காங் உறுப்பினரை நீக்கியதும் அந்த இடம் காலியானது. இடைத்தேர்தல் எப்போது என்று தெரியாத நிலையில், அத்தொகுதி வாக்காளரான ஒரு தமிழ்ப் பெண்மணி, துப்புரவு வேலை செய்பவர், நீதிமன்றத்துக்குப் போனார். அந்த மனுவை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது. மே 26ஆம் தேதி இடைத்தேர்தல் நடந்து முடிந்தது. 2013 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் முறையீட்டைத் தள்ளுபடி செய்தாலும், பிரதமர் நியாயமான காலத்துக்குள் இடைத்தேர்தலை நடத்தியாக வேண்டும், விருப்பப்படி தள்ளிப்போட முடியாது என்று தெளிவுபடுத்தியது.

இந்தத் தீர்ப்பு தனித்தொகுதிக்குப் பாதுகாப்பு. குழுத்தொகுதிக்கு அது எட்டவில்லை. 2017இல் ஹலிமா யாக்கோப் அதிபர் தேர்தலுக்காக மார்சிலிங் - இயூ டீயிலிருந்து விலகினார். 2023இல் தர்மன் சண்முகரத்னம் ஜூரோங்கிலிருந்து விலகினார். இரண்டு இடங்களிலும் இடைத்தேர்தல் இல்லை. அணியின் எல்லா உறுப்பினர்களும் விலகினால்தான் அங்கே தேர்தல் வரும். ஆக, புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு வீட்டாருக்குக் கிடைக்கும் உரிமை, நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் அடுத்த வீட்டாருக்கு இல்லை. மற்ற மூவர் பார்த்துக்கொள்வார்கள் என்பது பதில்தான். ஆனால் தங்கள் வட்டாரத்துக்கு வந்த முகத்தை நம்பி வாக்களித்தவருக்கு அது போதுமான பதிலல்ல.

தொகுதிகள் காலியாகக் கிடப்பதைத் தமிழ்நாட்டிலும் பார்த்தோம். 2017 செப்டம்பரில் அதிமுகவின் 18 சட்டமன்ற உறுப்பினர்களைப் பேரவைத் தலைவர் தகுதிநீக்கம் செய்தார். வழக்குகள் இழுத்ததில், அந்தத் தொகுதிகளுக்கு 2019 ஏப்ரல், மே மாதங்களில்தான் இடைத்தேர்தல் வந்தது. ஒன்றரை ஆண்டுக்கு மேல் 18 தொகுதி மக்களுக்குப் பேரவையில் குரல் இல்லை. காலியான இடத்தை ஆறு மாதத்தில் நிரப்பச் சொல்லும் சட்டம் இருந்தும் இந்தக் கதி.

சிங்கப்பூரில் 1963இன் மாநில அரசமைப்பு, காலியிடத்தை மூன்று மாதத்துக்குள் நிரப்ப வேண்டும் என்றது. 1965இல் அந்த வரம்பு நீக்கப்பட்டது. கட்சிக்கு உறுப்பினரை நீக்கும் அதிகாரம் இருக்கட்டும். அதற்கு ஈடாக அந்த மூன்று மாத வரம்பை மறுபடியும் சட்டத்தில் சேர்க்க வேண்டும், தனித்தொகுதிக்கும் குழுத்தொகுதிக்கும் சேர்த்தே. அடுத்த முறை உங்கள் உறுப்பினரை மக்கள் சந்திப்பில் பார்க்கும்போது, வீட்டுப் பிரச்சினையோடு இந்தக் கோரிக்கையையும் அவர் முன் வையுங்கள்.