உங்களுக்குத் தெரியுமா? – கை மாறி வந்த கேரவன்

காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் கேரவன், பிரிட்டனில் எத்தனையோ குடும்பங்களின் விடுமுறை வீடு. முதல் வண்டியைப் பலரும் செகண்ட் ஹேண்டாகத்தான் வாங்குகிறார்கள். வண்டி வந்து சேர்ந்துவிடும். அதன் கையேடு பெரும்பாலும் வராது. விற்றவர் அவசரமாகக் காட்டிவிட்டுப் போன ஸ்விட்சும் குழாயும் மறுநாள் நினைவில் நிற்பதில்லை. ஆனால் உள்ளே இருக்கும் கருவிகளில் பெரும்பாலானவை தங்கள் மேலேயே ஒரு தேதியையோ எண்ணையோ சுமந்துகொண்டிருக்கின்றன. ஒரு டார்ச்சும் நோட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள், ஒவ்வொன்றாகப் படிக்கலாம்.

● கேரவன் கம்பெனி செய்வது பெரும்பாலும் கூட்டை மட்டும்தான். ஃப்ரிட்ஜ் டொமெட்டிக் அல்லது தெட்ஃபோர்ட், ஹீட்டர் ட்ரூமா, அடிச்சட்டம் ஆல்கோ என்று ஒவ்வொன்றும் ஓர் இடத்திலிருந்து வருகிறது. பிரெஸ்டன் நகரின் லூனார் கம்பெனி 2019-ல் மூடப்பட்டது. ஆனாலும் லூனார் வண்டியில் இருக்கும் ஃப்ரிட்ஜுக்கும் ஹீட்டருக்கும் கையேடு தேடலாம், பாகம் வாங்கலாம். கருவியின் மீது ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைக் குறித்துக்கொள்வதுதான் முதல் வேலை.

● ஜன்னல்களின் ஓரத்தில் 17 எழுத்தும் எண்ணுமாகப் பொறித்திருக்கிறதா? 1992-ல் தொடங்கிய ‘கிரிஸ்’ பதிவுத் திட்டத்தின் அடையாளம் அது. அடிச்சட்டத்தில் உள்ள எண்ணும் எல்லா ஜன்னல்களிலும் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு ஜன்னலில் மட்டும் எண் சுரண்டப்பட்டிருந்தால் விலை பேசுவதை அங்கேயே நிறுத்துங்கள். இன்னொன்று: கிரிஸ் ஆவணம், வண்டி யாரிடம் இருக்கிறது என்று சொல்லுமே தவிர, உரிமைப் பத்திரம் ஆகாது. வாங்கிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

● கேரவன் ஃப்ரிட்ஜ் குளிர்வது நெருப்பால்! 1922-ல் ஸ்டாக்ஹோமில் படித்துக்கொண்டிருந்த பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முண்டெர்ஸ் என்ற இரு மாணவர்கள் கண்டுபிடித்த முறை இது. அம்மோனியா கலந்த நீரைச் சூடாக்கினால் அம்மோனியா ஆவியாகப் பிரிந்து மேலே ஏறும், குளிர்ந்து திரவமாகும், பின்பு ஹைட்ரஜன் நிறைந்த குழாய்க்குள் மறுபடி ஆவியாகும்போது சுற்றியுள்ள சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். கம்ப்ரஸர் இல்லை, மோட்டார் இல்லை, சத்தமும் இல்லை. சூடு எங்கிருந்து வந்தாலும் அதற்குச் சம்மதம்தான். அதனால்தான் முன்பக்கத்துக் குமிழில் மூன்று அடையாளங்கள்: 230 வோல்ட் மின்சாரம், 12 வோல்ட், கேஸ்.

இதில் புதிதாக வாங்கியவர்கள் தடுமாறுவது 12 வோல்ட்டில். அது கார் ஓடும்போது மட்டும் பயன்படுத்துவதற்கானது. வண்டி நின்ற பிறகு கேஸுக்கோ மின்சாரத்துக்கோ மாற்றிவிட வேண்டும். வண்டி சாய்ந்து நின்றால் உள்ளே திரவம் ஓட வேண்டிய வழியில் ஓடாது, ஃப்ரிட்ஜும் குளிராது. ரசமட்டம் வைத்துப் பார்த்து நிறுத்துங்கள். குளிர்வதற்கும் பல மணி நேரம் ஆகும். பயணத்துக்கு முந்தைய நாளே வீட்டு மின்சாரத்தில் போட்டுவைப்பது நல்லது.

● நம் ஊர்ச் சமையல் சிலிண்டரில் பியூட்டேனும் புரோப்பேனும் கலந்தே வருகின்றன. பிரிட்டனில் அவை தனித்தனி. காலர் கம்பெனியின் நீலச் சிலிண்டர் பியூட்டேன், சிவப்பு புரோப்பேன். பியூட்டேனின் கொதிநிலை ஏறக்குறைய மைனஸ் 0.5 டிகிரி. உறைபனி விழும் இரவில் சிலிண்டர் நிறைய கேஸ் இருந்தும் அடுப்பு எரியாமல் போவது இதனால்தான். புரோப்பேனுக்கு மைனஸ் 42 டிகிரி. குளிர்காலத்திலும் கிளம்புகிறவர் என்றால் சிவப்பையே வாங்குங்கள்.

● கேஸ் பெட்டியின் தரையில் ஓட்டை இருந்தால் துரு என்று நினைத்து அடைத்துவிடாதீர்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது; கசிந்தால் தரையில் தேங்கும். அது கீழே வழிந்து வெளியேறுவதற்காகவே விட்ட துளைகள் அவை. சமையல் மேடைக்கு அடியிலும் இப்படித் துளைகள் இருக்கும். பழைய வண்டிகளில் எலிக்கும் குளிர்காற்றுக்கும் பயந்து யாரோ துணியைத் திணித்திருப்பார்கள். அலமாரியைக் காலி செய்து, டார்ச் அடித்துப் பார்த்து எடுத்துவிடுங்கள்.

● அதே பெட்டியில் கேஸ் ஹோஸைத் திருப்பிப் பாருங்கள்: ரப்பரின் மீது தயாரித்த ஆண்டு அச்சிட்டிருக்கும். ரப்பர் விறைத்தோ வெடித்தோ இருந்தால் ஆண்டைப் பார்க்கவே வேண்டாம், மாற்றிவிட வேண்டியதுதான். ரெகுலேட்டரில் மில்லிபார் எண்ணைப் படியுங்கள். பழைய முறையில் பியூட்டேனுக்கு 28, புரோப்பேனுக்கு 37. 2003–04 வாக்கில் இரண்டுக்கும் பொதுவாக 30 ஆயிற்று. அடுப்பிலும் ஹீட்டரிலும் உள்ள தகட்டில் அச்சிட்ட அழுத்தமும் ரெகுலேட்டரின் அழுத்தமும் பொருந்த வேண்டும். கேஸ் வேலையை நீங்களே செய்து பார்க்காதீர்கள். கேஸ் சேஃப் பதிவேட்டில் உள்ளவர்களிலும், கேரவன் வேலைக்குத் தகுதி பெற்றவர் யார் என்று கேட்டு அழையுங்கள்.

● ட்ரூமா ஜெர்மன் கம்பெனி. ஆனால் பெயர், அமெரிக்க அதிபர் ஹாரி ட்ரூமன் நினைவாக 1949-ல் வைத்தது. கேரவனுக்கென்று அவர்கள் செய்த ஹீட்டர் 1961-ல் வந்தது. அதற்குப் பின்தான் குளிர்காலக் கேரவன் பயணம் நடக்கிற காரியமாயிற்று.

● கேரவன் சுவரில், வெளியே ஒரு சிறிய பிளாஸ்டிக் மூடி தெரிகிறதா? வெந்நீர் ஹீட்டரின் புகை போகும் வழி அது. கேஸில் போடும் முன் மூடியைக் கழற்ற வேண்டும். ட்ரூமாவின் ‘அல்ட்ராஸ்டோர்’ வெந்நீர் ஹீட்டரில் 10 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். தண்ணீர் நிரம்பி, வெந்நீர்க் குழாயில் சீராக ஓடிய பிறகே சூடேற்றுங்கள். ஹீட்டரின் அருகில் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னக் கைப்பிடி இருக்கும். குளிர்காலத்துக்கு வண்டியை நிறுத்துமுன் அதைத் திறந்து தண்ணீர் முழுவதையும் வடித்துவிட வேண்டும். உறையும் தண்ணீர் விரியும்; விரிந்தால் டாங்க் பிளக்கும். பழைய வண்டியை வாங்குவது வசந்த காலத்தில் என்றால், விற்றவர் போன குளிருக்கு முன் வடித்தாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

● கேரவன் குழாயைத் திறப்பது, உண்மையில் ஒரு மின்சார ஸ்விட்சைப் போடுவதுதான். பல வண்டிகளில் குழாயின் பிடிக்குள்ளேயே ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். பிடியைத் தூக்கியதும், வெளியே தண்ணீர்ப் பீப்பாய்க்குள் தொங்கும் 12 வோல்ட் பம்ப் ஓடத் தொடங்கும். தண்ணீர் வரவில்லையா? பேட்டரி, ஃப்யூஸ், ஸ்விட்ச் என்று வரிசையாகப் பாருங்கள். பம்ப் ஓடும் சத்தம் கேட்டும் தண்ணீர் ஏறாவிட்டால், அதற்குள் காற்று அடைத்திருக்கும். ஹோஸைப் பிடித்துப் பம்பைத் தண்ணீருக்குள்ளேயே நான்கு குலுக்குக் குலுக்கினால் குமிழி வெளியே வந்துவிடும்.

● அந்தப் பீப்பாயின் பெயர் அக்வாரோல். 40 லிட்டர், அதாவது நிரம்பினால் 40 கிலோ. தூக்க வேண்டாம், கைப்பிடியை மாட்டித் தரையில் உருட்டிக்கொண்டு வரலாம். எளிமையும் பயனும் இவ்வளவு நேர்த்தியாகச் சேர்ந்த வேறு கேரவன் சாமான் எதையும் நான் பார்த்ததில்லை.

● வெளி மின்சாரத்துக்கான ஆரஞ்சு நிறக் கேபிள் வழக்கமாக 25 மீட்டர். முகாமின் மின்கம்பம் பக்கத்திலேயே இருந்தாலும் சுருளை முழுவதும் பிரித்துத்தான் விட வேண்டும். சுருண்ட கேபிளில் அதிக மின்சாரம் ஓடினால் சூடேறி உருகும். முதலில் வண்டிப் பக்கம், பிறகு கம்பத்துப் பக்கம். கழற்றும்போது தலைகீழ். செருகிய கையோடு உள்ளே பெட்டியில் இருக்கும் டிரிப் ஸ்விட்சின் ‘டெஸ்ட்’ பொத்தானை அமுக்குங்கள். மின்சாரம் உடனே நின்றால் அது உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

சில முகாம்களில் தருவது 10 ஆம்பியர்தான்: ஏறத்தாழ 2,300 வாட். வீட்டுக் கெட்டில் ஒன்றே 3,000 வாட் கேட்கும். கேரவனுக்கென்று 1,000 வாட்டுக்குள் விற்கும் கெட்டில் டீயைத் தாமதமாகத் தரும், ஆனால் முகாம் ஃப்யூஸைத் தட்டாது.

● கேரவன் பேட்டரியும் கார் பேட்டரியும் ஒன்றல்ல. காருடையது ஸ்டார்ட் செய்யும் நொடியில் வாரிக் கொடுக்கும். கேரவனுடையது கொஞ்சம் கொஞ்சமாக நெடுநேரம் கொடுக்கும். ஓய்வாக இருக்கும்போது 12.7 வோல்ட் காட்டினால் நிறைந்த பேட்டரி, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. லெட் ஆசிட் வகையைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும்.

● காருடன் இணைக்கும் ஒயரின் முனையில் ஒரே 13 பின் பிளக் இருந்தால் வண்டி பெரும்பாலும் 2008-ன் இறுதிக்குப் பிந்தையது. ஏழு ஏழு பின்னாக இரண்டு பிளக் என்றால் அதற்கு முந்தையது: ஒன்று சாலை விளக்குகளுக்கு, மற்றது ஃப்ரிட்ஜுக்கும் பேட்டரிக்கும். இரண்டையும் இணைக்கும் அடாப்டர் கடையில் கிடைக்கும்.

● கொக்கியின் உருண்டைக்கு கிரீஸ் தடவலாமா? இது கொக்கியைப் பொறுத்தது, தப்பாகச் செய்தால் ஆபத்தும் கூட. சாதாரணக் கொக்கி என்றால் தடவ வேண்டும். ஆல்கோவின் ஏ.கே.எஸ். போன்ற ஸ்டெபிலைசர் கொக்கி என்றால் தொடவே கூடாது. அதன் உள்ளே இருக்கும் பட்டைகள் உருண்டையை இறுக்கிப் பிடித்து, உராய்வினால்தான் வண்டி பின்னால் நெளிவதைத் தடுக்கின்றன. கொக்கிக்குள் விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள்: விரல் கறுத்து வழவழவென்று வந்தால், முந்தையவர் கிரீஸ் போட்ட உருண்டையில் மாட்டியிருக்கிறார். எண்ணெய் குடித்த பட்டைகளை மாற்றுங்கள்; கார்ப் பக்கத்து உருண்டையை, பெயின்ட் உட்பட, பளபளவென்று வரும்வரை சுத்தம் செய்யுங்கள்.

● கொக்கிக்குப் பக்கத்தில் தொங்கும் மெல்லிய சிவப்புக் கம்பி அலங்காரமல்ல. ஓடும்போது கேரவன் பிரிந்துவிட்டால், அந்தக் கம்பி ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, பிறகு அறுந்துகொள்ளும். பிரேக் உள்ள கேரவனை அது இல்லாமல் இழுப்பது சட்டப்படி குற்றம். விலையோ மிகக் குறைவு. நைந்திருந்தால் இன்றே மாற்றுங்கள்.

● கொக்கியின் மீது இறங்கும் பாரம், சாமான் ஏற்றிய கேரவன் எடையில் 5 முதல் 7 சதவீதம் இருக்க வேண்டும் என்பது கேரவன்காரர்களின் கணக்கு. 1,400 கிலோ என்றால் 70 முதல் 98 கிலோ. அதோடு, காரும் கொக்கியும் தாங்கும் அளவைத் தாண்டவும் கூடாது. பாரம் குறைந்தால் வண்டி வால் ஆட்டும். கனமான சாமானைத் தரையோடு, சக்கர அச்சுக்கு மேலேயே வையுங்கள். 2021 டிசம்பர் 16 முதல் பிரிட்டனில் சாதாரணக் கார் லைசென்ஸ் இருந்தாலே 3,500 கிலோ வரை இழுக்கலாம். லைசென்ஸ் அனுமதிப்பது வேறு, உங்கள் கார் தாங்குவது வேறு. முதல்முறை இழுப்பவருக்கு, காரின் எடையில் 85 சதவீதத்தைத் தாண்டாத கேரவனே உகந்தது.

● நான்கு மூலையிலும் இறங்கும் கால்கள் ஜாக்கி அல்ல. ஆடாமல் நிறுத்த மட்டுமே அவை. அவற்றால் வண்டியைத் தூக்க முயன்றால் தரைச்சட்டம் வளையும்.

● டயரின் பக்கவாட்டில் DOT முத்திரையைத் தேடுங்கள். கடைசி நான்கு இலக்கம் 2417 என்றால், 2017-ன் 24-வது வாரத்தில் செய்த டயர். கேரவன் டயர் தேய்ந்து சாவதில்லை, நின்றே சாகிறது. பள்ளம் புதிதுபோல் இருக்கும். பக்கச் சுவர் வெயிலில் வெடித்திருக்கும். ஐந்து ஆண்டில் மாற்றுங்கள், ஏழைத் தாண்டவே வேண்டாம் என்பது இத்துறையில் பொதுவான அறிவுரை. சக்கரம் கழற்றி மாட்டியிருந்தால் 50 கிலோமீட்டர் போனதும் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

● டாய்லெட்டில் நீலத் திரவம் கீழே கழிவு டாங்குக்கு, இளஞ்சிவப்பு மேலே ஃப்ளஷ் தண்ணீருக்கு. ரப்பர் வளையம் காய்ந்துவிட்டால் வாஸ்லினோ சமையல் எண்ணெயோ போடாதீர்கள், ரப்பர் கெட்டுவிடும். அதற்கென்று விற்கும் சிலிக்கோன் ஸ்ப்ரே போதும்.

● ஜன்னல்கள் கண்ணாடியே அல்ல, அக்ரிலிக். கண்ணாடி துடைக்கும் ஸ்பிரிட் பட்டால் நுண்விரிசல் விழும். சோப்புத் தண்ணீரும் மெத்தென்ற துணியும்தான்.

● பழைய கேரவனைக் கொல்வது ஓதம். கூரையோர இணைப்பிலும் டென்ட் மாட்டும் தடத்திலும் பூசிய பசை காய்ந்து விட்டதும், மழை மரச்சட்டத்துக்குள் இறங்கும். வெளியே ஒன்றும் தெரியாது. ஓத மீட்டர் 15 சதவீதத்துக்குள் காட்டினால் நிம்மதி. 15 முதல் 20 வரை கண்காணிக்க வேண்டும். அதற்கு மேல் என்றால் ஆளைக் கூப்பிட வேண்டும். மீட்டர் இல்லாவிட்டால் மூக்கும் கட்டைவிரலும் இருக்கின்றன: அலமாரி மூலைகளை முகர்ந்து பாருங்கள், ஜன்னலுக்குக் கீழே சுவரை அழுத்திப் பாருங்கள். மெத்தென்று உள்ளே போனால் மரம் உளுத்துவிட்டது.

● பொழுதுபோக்குக்கென்றே கட்டிய முதல் கேரவன், கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்காட்லாந்து டாக்டருக்காக 1885-ல் பிரிஸ்டலில் உருவானது. பெயர் ‘வாண்டரர்’. இழுத்தவை இரண்டு குதிரைகள். உள்ளே எண்ணெய் அடுப்பு, புத்தக அலமாரி, ஒரு ஹார்மோனியம்! வழி பார்க்கப் பணியாள் மூன்றுசக்கர சைக்கிளில் முன்னே போவார். 1907-ல் பிரிட்டனில் கேரவன் கிளப் உருவாகும்போது டாக்டருக்கு அதில் மரியாதையான இடம் கிடைத்தது.

● கடைசியாக ஒன்று. கேரவனில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கும், இருக்க வேண்டும். அந்த வாயுவுக்கு நிறமும் மணமும் கிடையாது, மூக்கு காப்பாற்றாது. பொத்தானை அமுக்கினால் அலறுகிறதே என்று திருப்தியடையாதீர்கள். சத்தம் வருவதால் உள்ளே இருக்கும் சென்சார் வேலை செய்கிறது என்று ஆகாது. சென்சாருக்கு ஆயுள் உண்டு. கருவியைச் சுவரிலிருந்து கழற்றித் திருப்புங்கள். மாற்ற வேண்டிய ஆண்டு பின்புறத்தில் அச்சிட்டிருக்கும். அது கடந்திருந்தால், புது அலாரம் மாட்டும்வரை அந்த வண்டிக்குள் ஒரு இரவுகூடத் தூங்காதீர்கள்.